லண்டன் – சிட்னி: வழி எவ்வளவு, நேரம் எவ்வளவு?

நம் பாட்டன்மார் காலத்தில் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தூரத்தை 'நாழிகை வழி' என்று சொல்லி வந்தார்கள். ஒரு நாழிகைப் பொழுதில் கால்நடையாக எவ்வளவு போகலாமோ அது ஒரு நாழிகை வழி. தூரத்தையும் நேரத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய அந்த அளவை இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் ஆகாய விமானத்தில் போகிறவர்கள் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் பேசுகிறார்கள். லண்டனிலிருந்து சிட்னி எவ்வளவு தூரம் என்று கேட்டால், 'ஒரு நாள் பிரயாணம்' என்பார்களே ஒழிய, இத்தனை கிலோமீட்டர் என்று சொல்பவர் அரிது.

லண்டன் மாநகரம் பூமியின் வடபாதியில், ஐரோப்பாவின் மேற்கோரத்தில் இருக்கிறது. சிட்னி தென்பாதியில், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மிகக் குறுகிய வழியாக அளந்தால் இரண்டுக்கும் இடையே சுமார் 17,000 கிலோமீட்டர். மைல் கணக்கில் ஏறத்தாழ 10,560. பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான். ஆகவே பூமியின்மேல் எந்த இரண்டு இடங்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகி இருக்க முடியாது. அந்த எல்லையை நெருங்கி நிற்கும் நகரங்கள் இவை. இன்றைய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 17,000-ஐ 900-ஆல் வகுத்தால் 19 மணி வரும். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவர் யாரும் இந்தக் கணக்கின்படி சிட்னி போய்ச் சேர்ந்ததில்லை. ஏன் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் ஏட்டில் ஆகாய மார்க்கத்துக்கு என்ன இடம் என்று அங்கத்தினர்கள் எண்ணலாம். இந்த வழி நெடுகிலும் துணியும், பாயும், வயலும், விளைபொருளும் குறுக்கிடுகின்றன என்பதைப் படித்து வரும்போது அறிவார்கள்.

முதலில் கப்பல் காலத்தை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். 1787 மே மாதம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு பாய்க்கப்பல்கள் புறப்பட்டன. அவை ஆஸ்திரேலியக் கரையை அடைந்தது 1788 ஜனவரியில். எட்டு மாதம். பிற்காலத்தில் நீராவிக் கப்பலும் சூயஸ் கால்வாயும் வந்தபின் இது ஐந்தாறு வாரமாகக் குறைந்தது. அந்த நிலையில்தான் விமானம் வந்தது.

துணிச் சிறகும் மூங்கில் பாயும்

1919-ஆம் வருஷம், பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுன் பரிசு என்று ஆஸ்திரேலிய சர்க்கார் அறிவித்தது. ஆறு விமானங்கள் புறப்பட்டன. நான்கு பேர் உயிரிழந்தார்கள். குறித்த கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது ஒரே விமானம். அதில் சென்றவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்களும், பென்னட், ஷியர்ஸ் என்ற இரு இஞ்சின் வல்லுநர்களும் ஆவர். விமானத்தின் பெயர் விக்கர்ஸ் விமி.

அந்த விமானம் எதனால் ஆனது என்பதை நெசவாளர்கள் அறிய வேண்டும். அதன் சட்டம் பெரும்பாலும் மரம். சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்தியிருந்தது, ஆளிச் செடியின் நாரில் நூல் எடுத்து நெய்த லினன் துணி. துணியைப் போர்த்தியபின் அதன்மேல் செல்லுலோஸ் கலந்த ஒரு பூச்சைப் பூசுவார்கள். பூச்சு காயக் காயத் துணி சுருங்கி மத்தளத் தோலைப் போல விறைப்பாக நிற்கும். நாம் பாவுக்குக் கஞ்சி போடுவது நூல் அறுந்துபோகாமல் இருப்பதற்காக. அங்கே துணிக்குப் பூச்சுப் போட்டது மனிதர் விழுந்துபோகாமல் இருப்பதற்காக. ஆக, லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதல் மனிதரைத் தாங்கிச் சென்ற சிறகு ஒரு தறியிலிருந்து வந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

1919 நவம்பர் 12-ஆம் தேதி லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோ என்னும் இடத்தில் புறப்பட்டு, பிரான்ஸ், இத்தாலி, எகிப்து, ஈராக் வழியாகக் கராச்சி, தில்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் என்று இறங்கி இறங்கி அவர்கள் ஜாவாத் தீவிலுள்ள சுரபயா நகரை அடைந்தார்கள். அங்கே விமானம் இறங்கிய மைதானம் பார்வைக்கு உலர்ந்திருந்தது. மேலே ஒரு பொருக்கு, அடியில் சேறு. சக்கரங்கள் புதைந்துவிட்டன. தோண்டி எடுத்து நகர்த்தினால் மீண்டும் புதைந்தது. கெடு முடிய சில நாட்களே இருந்தன.

அப்போது அவ்வூர் மக்கள் தங்கள் வீடுகளிலிருந்து மூங்கில் பாய்களைக் கொண்டு வந்தார்கள். சுவராக நிறுத்தியிருந்த தட்டிகளையும் பெயர்த்துக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படுகிறது. அவற்றைச் சேற்றின்மேல் பரப்பி, சில நூறு கஜ நீளத்துக்கு ஒரு பாய்ப் பாதை அமைத்தார்கள். முதல் முறை ஓடியபோது விசிறியின் காற்றில் பாய்கள் பறந்து விமானத்தில் சிக்கிக்கொண்டன. பிறகு இன்னும் பாய்களைச் சேகரித்து, ஒன்றோடொன்று பிணைத்து, முளையடித்து இறுக்கினார்கள். இரண்டாம் முறை விமானம் கிளம்பிவிட்டது. டிசம்பர் 10-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வின் நகரில் இறங்கியது. கெடுவுக்கு இரண்டு நாள் மீதி.

சகோதரர் இருவருக்கும் 'சர்' பட்டம் கிடைத்தது. அந்த விமானத்தை அடிலெய்ட் நகர விமான நிலையத்தில் இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பாய் கொடுத்தவர்களின் பெயர்களை நாம் படித்தவற்றில் எங்கும் காணவில்லை.

இந்தப் பிரயாணத்தில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. லண்டனிலிருந்து டார்வின் சேர 28 நாள். ஆனால் விமானம் ஆகாயத்தில் இருந்தது சுமார் 135 மணி நேரமே. ஐந்தரை நாளுக்குச் சற்று மேல். மற்ற இருபத்திரண்டு நாளும் தரையில் கழிந்தன. எரிபொருள் போட, இஞ்சின் பார்க்க, மழை விட, சேறு காய, உறங்க. தூரத்தை விழுங்கியது பறப்பு. நேரத்தை விழுங்கியது தங்கல். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவன எளிதில் விளங்கும்.

1930-ஆம் வருஷம் ஏமி ஜான்சன் என்ற இருபத்தாறு வயது ஆங்கிலப் பெண்மணி தனியாக ஒரு சிறிய விமானத்தில் மே 5-ஆம் தேதி லண்டனை அடுத்த குராய்டனில் புறப்பட்டு, 24-ஆம் தேதி டார்வின் சேர்ந்தார். ரங்கூனை அடுத்த இன்செயினில் ஒரு தொழிற்பள்ளியின் விளையாட்டு மைதானத்தைக் குதிரைப் பந்தயத் திடல் என்று தவறாக எண்ணி இறங்கி, பள்ளத்தில் விழுந்து சிறகு கிழிந்தது. அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களே அதைச் செப்பனிட்டார்கள். சிறகுக்கு ஒட்டத் துணி வேண்டுமே! முதல் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அவற்றைப் பிரித்துச் சிறகுக்குப் போட்டார்கள். ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் முளைகள் குத்திச் சிறகில் ஓட்டை விழுந்தது. அதைக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் அடைத்துக்கொண்டு மேலே பறந்தார். துணி நெய்யும் நமக்கு இதில் ஒரு பெருமிதம் உண்டாவது இயல்பே.

ஆல்பரி நகரின் விளக்குகள்

1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் நகருக்கு ஒரு விமானப் பந்தயம் நடந்தது. ஸ்காட், காம்ப்பெல் பிளாக் என்ற இருவர் 71 மணி நேரத்தில் போய் முதற்பரிசு பெற்றார்கள். 28 நாள் பதினைந்தே வருஷத்தில் மூன்று நாளுக்குள் வந்துவிட்டது. ஆனால் நாம் சொல்ல விரும்புவது இரண்டாவதாக வந்த டச்சு விமானத்தைப் பற்றி. பந்தயத்துக்கென்று செய்த விமானமன்று அது. மூன்று பிரயாணிகளோடும் தபாலோடும் சென்ற சாதாரண விமானம்.

மெல்போர்னை அடையச் சில மணி நேரமே இருக்கையில் இரவில் புயலில் வழி தவறிவிட்டது. கீழே ஆல்பரி என்னும் சிற்றூர். விமானம் மேலே சுற்றிச் சுற்றி வரும் ஓசை கேட்டு ஊரார் வெளியே வந்தார்கள். அவ்வூர் மின்சார இஞ்சினீயர், தெரு விளக்குகள் அத்தனையையும் அணைத்தும் ஏற்றியும் தந்தி மொழியில் ஊரின் பெயரை எழுத்து எழுத்தாக ஆகாயத்துக்குச் சொன்னார். வானொலி நிலையத்திலிருந்து, கார் வைத்திருப்போர் எல்லாரும் உடனே குதிரைப் பந்தயத் திடலுக்கு வரும்படி கேட்டுக்கொண்டார்கள். வந்த கார்கள் வரிசையாக நின்று முன்விளக்குகளைப் போட்டன. அந்த வெளிச்சத்தில் விமானம் பத்திரமாக இறங்கியது. மறுநாள் காலை அது சேற்றில் புதைந்திருக்க, ஊர் ஜனங்கள் சில நூறு பேர் கயிறு கட்டி இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். எந்த ரிஜிஸ்திராரிடமும் பதிவு செய்யாத கூட்டுறவுச் சங்கம் அது. ஓர் இரவும் ஒரு காலையும் மட்டுமே நடந்தது.

அதே 1934-ஆம் வருஷக் கடைசியில் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஒழுங்கான விமானத் தபால் தொடங்கியது. 1935-இல் பிரயாணிகளையும் ஏற்றினார்கள். பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்குப் பன்னிரண்டரை நாள். வழியில் பல முறை விமானம் மாற வேண்டும். அது போதாதென்று இத்தாலியிலிருந்து பாரிஸ் வரை ரயிலில் போக வேண்டும்! 1938-இல் நீரில் இறங்கும் பெரிய விமானங்கள் வந்தபின் ஒரே விமானத்தில் சிட்னித் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து வரை ஒன்பது பத்து நாளில் போக முடிந்தது. அவை நம் நாட்டில் இறங்கிய இடங்களில் ராஜஸ்தானத்து ராஜசமந்த் ஏரியும் ஒன்று. பயிருக்கு நீர் கொடுக்க வெட்டிய ஏரி விமான நிலையமாயிற்று. இரவில் பறப்பதில்லை, பிரயாணிகள் ஓட்டலில் உறங்கினார்கள்.

இரண்டு சூரியோதயம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்து ஜாவாவும் வீழ்ந்தது. லண்டன் – சிட்னி வழி நடுவில் அறுந்தது. அறுந்த இழையை முடிச்சுப் போட்ட இடம் இலங்கை.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து, இலங்கையில் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்கு, இந்துமகா சமுத்திரத்தின் குறுக்கே நடுவில் எங்கும் இறங்காமல் பறப்பது என்று முடிவு செய்தார்கள். வழி ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். 1943 ஜூலையில் இது ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. கேட்டலீனா என்ற நீர் விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும். பிரயாண நேரம் 27 மணி முதல் 33 மணி வரை. எதிரி விமானங்கள் அறியாதபடி வானொலியை மூடிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்ப்பதால், போய் வந்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதயச் சங்கம்' என்று ஒரு நற்சாட்சிப் பத்திரமும் வழங்கினார்கள். இலங்கையிலிருந்து கராச்சி வழியாக லண்டனுக்குத் தொடர்பு கிடைத்தது. 1945 ஜூலையில் நிறுத்தப்படும் வரை 271 முறை இந்தக் கடலைக் கடந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

அந்த விமானம் சுமந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மூன்று பிரயாணிகள், சுமார் 69 கிலோ தபால். அவ்வளவுதான். மற்றதெல்லாம் எரிபொருள். எடையைக் குறைக்க, குளிருக்காக உட்புறம் வைத்திருந்த தடுப்புகளைக்கூடக் கழற்றி எறிந்தார்கள். நடுவில் இறங்காமல் போவதென்றால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்தக் கேட்டலீனா விமானங்கள் எண்பது வருஷங்களுக்கு முன்பே காட்டிவிட்டன. அந்த விலை இன்றும் மாறவில்லை.

போர் முடிந்தது. 1947 டிசம்பர் 1-ஆம் தேதி கான்ஸ்டலேஷன் என்ற நான்கு இஞ்சின் விமானம் 29 பிரயாணிகளோடு சிட்னியிலிருந்து புறப்பட்டு, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஆறு இடங்களில் இறங்கி, நான்கு நாளில் லண்டன் சேர்ந்தது. 1959-இல் ஜெட் விமானம் வந்தது. அதன்பின் இறங்கும் இடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இன்று ஓரிடத்தில், பெரும்பாலும் சிங்கப்பூரிலோ அரபு நாட்டு நகரம் ஒன்றிலோ இறங்கி ஏறினால் போதும். மொத்தம் 22 முதல் 24 மணி நேரத்தில் போய்விடலாம். லண்டனில் வெள்ளிக்கிழமை இரவு ஏறியவர் சிட்னியில் ஞாயிறு விடியற்காலை இறங்குகிறார். நடுவில் சனிக்கிழமை எங்கே போயிற்று என்று திகைக்க வேண்டாம். சிட்னிக் கடிகாரம் லண்டனைவிடப் பருவத்துக்கேற்ப ஒன்பது முதல் பதினொரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. கழிந்த நேரம் திரும்பி வரும்போது கைக்கு வந்துவிடும்.

வழியும் காற்றும்

மேலே சொன்ன 17,000 கிலோமீட்டர் என்பது பூமி உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் அளவு. தட்டையான பூகோளப் படத்தில் கோடு போட்டுப் பார்த்தால் லண்டனிலிருந்து சிட்னிக்கு வழி அரபு நாடுகளின் மீதும் இந்துமகா சமுத்திரத்தின் மீதும் போவதுபோலத் தோன்றும். உருண்டையில் நூல் பிடித்தால் அது பால்டிக் கடலைக் கடந்து, மாஸ்கோ நகரின் பக்கமாகப் போய், கஜகஸ்தானத்தையும் சீனத்தையும் தாண்டி, தென்சீனக் கடலின்மேல் இறங்கி, ஆஸ்திரேலியாவின் வடகரையைத் தொடும். ஐயமுள்ளவர்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு பாவு இழையைக் கொண்டு பிடித்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்த நூல் வழி விமானங்களுக்கு எப்போதும் திறந்திருப்பதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின் ரஷ்யா தன் ஆகாயத்தைப் பிரிட்டிஷ் விமானங்களுக்கும் ஐரோப்பிய விமானங்கள் பலவற்றுக்கும் மூடிவிட்டது. மேற்காசியாவில் சண்டை மூண்டால் அந்தப் பக்கத்து வழியும் அடைபடுகிறது. பூமி அளவில் தூரம் கூடுவதில்லை. விமானம் போகும் வழி கூடுகிறது. அதற்குரிய எண்ணெயும் பொழுதும் கூடுகின்றன.

காற்றும் ஒரு காரணம். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆற்று வெள்ளம் போல ஒரு காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் வீசும். கிழக்கே போகும் விமானத்துக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. மேற்கே போகிறதற்கு மார்பில் கை வைத்துத் தடுக்கிறது. ஆதலால் பெர்த்திலிருந்து லண்டன் போக 17 மணிக்குச் சற்று மேல் ஆனால், திரும்பி வர அதைவிட ஏறத்தாழ முக்கால் மணி குறைகிறது. ஒரே வழி, ஒரே விமானம், இரண்டு கணக்கு.

வைக்கோல் ஏறினால் சரக்கு இறங்கும்

இனி, ஏன் எல்லாரும் நில்லாமல் பறந்துவிடக் கூடாது என்ற கேள்வி. இதற்கு மாட்டு வண்டியே விடை சொல்லும். வழியில் தீனி கிடைக்காத ஊருக்கு வண்டி கட்டினால் மாட்டுக்கு வேண்டிய வைக்கோலையும் வண்டியிலேயே ஏற்ற வேண்டும். வைக்கோல் ஏறினால் சரக்கு இறங்கும். வைக்கோலின் பாரத்தை இழுப்பதற்காக மாடு இன்னும் கொஞ்சம் தின்னும். விமானமும் அப்படியே. ஒரு டன் எரிபொருளைக் கூடுதலாக ஏற்றினால், அதைச் சுமப்பதற்கென்றே மணிக்கு அதில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கரைந்துவிடும் என்பது விமானத் தொழிலில் உள்ளோர் போடும் கைக்கணக்கு. பத்துமணி நேரப் பறப்பில் மூன்றிலொரு பங்கு தன்னைத் தானே சுமந்து தீர்ந்துபோகிறது. நடுவில் இறங்கி ஏறுவதிலும் எண்ணெய்ச் செலவு உண்டு என்பது மெய்தான். ஆனால் வழி மிக நீளும்போது சுமக்கும் செலவு அதை மிஞ்சிவிடுகிறது.

1989 ஆகஸ்டில் ஒரு ஜம்போ ஜெட் விமானம் லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிஷத்தில் பறந்தது. சுமார் நானூறு பேர் அமரத்தக்க விமானம் அது. போனவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். சரக்கு இல்லை. அதற்கென்றே அடர்த்தி மிகுந்த எரிபொருளைத் தயாரித்து, ஏறத்தாழ 183 டன் நிரப்பினார்கள். அதுவும் வீணாகக் கூடாதென்று, இஞ்சினை ஓட்டாமல் ஓடுபாதை வரை வேறு வண்டியால் இழுத்துச் சென்றார்கள். 2019 நவம்பரில் இன்னொரு விமானம் அதே வழியை 19 மணி 19 நிமிஷத்தில் கடந்தது. அதிலும் சுமார் ஐம்பது பேரே. இரண்டும் சோதனைக்காகப் பறந்தவை. நாம் முதலில் போட்ட பள்ளிக்கூடக் கணக்கின் 19 மணி, வெறும் வண்டி ஓட்டியவர்களுக்கே கிட்டியது.

டிக்கெட் விற்று ஓடும் சர்வீஸ் 2018 மார்ச்சில் பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கியது. 14,498 கிலோமீட்டர். இருக்கைகள் 236. அதே ரக விமானத்தை நடுத்தர தூரத்துக்கு ஓட்டும் கம்பெனிகள் அதைவிட மிகுதியான பேரை ஏற்றுகின்றன. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நில்லாமல் போகும் விமானத்திலோ இருக்கைகள் 161; குறைந்த கட்டண வகுப்பு என்பதே அதில் கிடையாது.

இதைப் பயிரிடுவோர் ஏன் கவனிக்க வேண்டும்? பிரயாணிகள் உட்காரும் தளத்துக்குக் கீழே சரக்கு அறை ஒன்று இருக்கிறது. உலகில் ஆகாய வழியாகப் போகும் சரக்கில் ஏறத்தாழ பாதி, சரக்கு விமானத்தில் அன்று, பிரயாணி விமானத்தின் இந்த வயிற்றிலே போகிறது. மேலே இருப்பவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆஸ்திரேலியாவிலிருந்து புதுப் பழம், இறைச்சி, கடல் இறால் முதலியன அந்நிய நாட்டுச் சந்தைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் போயின. கம்பளியும் கோதுமையும் கப்பலில் போகலாம். செர்ரிப் பழம் ஐந்து வாரம் காத்திராது.

2020 மார்ச்சில் கொரோனா நோயால் பிரயாணிகள் நின்றார்கள். விமானங்கள் நின்றன. விமானத்தின் வயிற்றை நம்பி விளைவித்தவன் சரக்கு பண்ணையிலேயே தங்கிவிட்டது. ஏப்ரல் மாதம் ஆஸ்திரேலிய சர்க்கார் முதல் தவணையாக 11 கோடி டாலர் ஒதுக்கி, பிரயாணி இல்லாத விமானங்களில் இடம் பிடித்துக் கொடுத்து, விளைபொருளை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. திரும்பி வருகையில் அதே விமானங்கள் மருந்துப் பொருள்களைக் கொண்டு வந்தன. தான் செலவு பங்கிடாத ஒருவருடைய சுற்றுலாப் பிரயாணத்தின்மேல் தன் பிழைப்பு நின்றிருந்தது என்பது அன்றைக்குத்தான் பல பயிர்க்காரர்களுக்கு உறைத்திருக்கும். நம் பக்கத்திலும் பூவும் காயும் விமானத்தில் அனுப்பும் சங்கங்கள் உண்டு. அவற்றின் நிர்வாகிகள் விமானம் எத்தனை மணியில் போய்ச் சேரும் என்று கேட்டுக்கொள்வது சரியே. அது எத்தனை இடத்தில் இறங்கி எண்ணெய் போடுகிறது என்பதையும் கூடவே கேட்டுக்கொள்வது நலம். ஒரு முறை இறங்குகிற விமானத்தில் ஒன்றிரண்டு மணி போகும். சரக்குக்கு இடம் மிஞ்சும். நில்லாமல் போவதில் மணி மிஞ்சும், இடம் போய்விடலாம்.

இப்போது அந்த ஆஸ்திரேலியக் கம்பெனி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சிட்னியிலிருந்து நில்லாமல் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. 2022 மே மாதத்தில் இதற்கென 12 புதிய ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஏற்பாட்டுக்குச் 'சூரியோதயத் திட்டம்' என்று பெயர். கொக்கல ஏரிக்கு வந்து போன பழைய கேட்டலீனாக்களின் நினைவாக வைத்தது. வழக்கமான தொட்டிகளோடு இன்னொரு 20,000 லிட்டர் தொட்டியும் அதில் உண்டு. முந்நூற்றைம்பது பேருக்கு மேல் ஏற்றக்கூடிய ரகத்தில் 238 இருக்கைகளே போடுகிறார்கள். இருக்கைக் கணக்கும், படுக்கைக் கணக்கும், பிரயாணிகள் எழுந்து கை கால் நீட்டுவதற்கு விட்டிருக்கும் இடத்தின் கணக்கும் படங்களோடு வெளிவந்துவிட்டன. கீழ்த்தளத்தில் எத்தனை பெட்டி செர்ரிக்கு இடம் இருக்கும் என்பதை அறியவே நாம் காத்திருக்கிறோம்.